பழைய வீட்டுத் தாள்களில் ஒட்டுச்சித்திரம்: டிரங்குப் பெட்டியைத் திறப்பது முதல் சட்டமிடுவது வரை

தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாணப் பத்திரிகை, மணியார்டர் ரசீது, இன்லண்ட் லெட்டர், பஞ்சாங்கத் தாள், தீப்பெட்டி லேபிள், சினிமாப் பாட்டுப் புத்தகம் போன்றவை கிடைத்து, அவற்றை வைத்து ஏ4 அளவில் ஓர் ஒட்டுச்சித்திரம் (தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ‘கொலாஜ்’ படம்) செய்ய நினைப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. புதிதாக வருபவர்களின் அருகில் அமர்ந்து பலமுறை பார்த்ததில், வேலை கெடுவது பெரும்பாலும் ஒட்டும்போது அல்ல, பசைப் புட்டியை மிக விரைவில் திறந்துவிடுவதால்தான் என்று தெரிந்தது. ஆகவே கீழே உள்ள பத்துப் படிகளில் பசை ஏழாவது படியில்தான் வருகிறது.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

அடித்தளத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பைண்டிங் அட்டையோ, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) வாட்டர்கலர் தாளோ போதும். மெல்லிய சார்ட் அட்டையை எடுக்க வேண்டாம். ஈரப் பசை பட்டதும் அது அப்பளம் போல வளைந்துவிடும். பிறகு எத்தனை புத்தகங்களை மேலே ஏற்றினாலும் நேராகாது.

வெள்ளை ஜெஸ்ஸோ (அட்டையில் முதலில் பூசும் அடிப்பூச்சு), அக்ரிலிக் மேட் மீடியம் (காய்ந்ததும் பளபளப்பின்றித் தெளிவாகும் பூச்சு), ஒரு அங்குல அகலமுள்ள தட்டைப் பிரஷ் இரண்டு, கட்டர், இரும்பு ஸ்கேல், பட்டர் பேப்பர், ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்), காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய செய்தித்தாள், தடித்த புத்தகங்கள் நான்கைந்து ஆகியவை வேண்டும். பிரஷ் இரண்டு என்றதற்குக் காரணம் உண்டு: பசை தோய்ந்த பிரஷ்ஷையே மேல்பூச்சுக்கும் பயன்படுத்தினால், அதன் மயிரில் உலர்ந்து நிற்கும் பசைத் துணுக்குகள் சித்திரத்தின் மேல் மணல் போல ஒட்டிக்கொள்ளும்.

வாரக் கடைசி ஒன்றில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மொத்தக் கைவேலை ஏழெட்டு மணி நேரம்தான் என்றாலும், ஃபிரீசரில் வைக்கும் இரண்டு வாரத்தையும் காய்வதற்கான இடைவெளிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு வாரமாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்குவோர் அதைவிடக் கூடுதலாகவே காத்திருக்க நேரும்.

2. தாள்களை நான்கு குவியல்களாகப் பிரித்தல்

மேசையைத் துடைத்து, கையை உலர வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். கடைசியாகச் சொன்னதை மறப்பவர்கள்தான் அதிகம். பெட்டியில் உள்ள ஒவ்வொரு தாளையும் ஒருமுறை முழுமையாகப் பார்த்த பிறகே எதை வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் முதலில் கையில் கிடைத்ததை வெட்டிவிட்டு, பெட்டியின் அடியில் அதற்கு இணையான வேறு பிரதி இல்லை என்று பின்னால் உணர்வது வழக்கமான வருத்தம்.

முதல் குவியல், எந்த நிலையிலும் தொடக்கூடாதவை. கிரயப் பத்திரம், பட்டா, உயில், பிறப்புச் சான்று, ஜாதகம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவை எவ்வளவு அழகான முத்திரையைத் தாங்கியிருந்தாலும் இதில் சேரும். சொத்து கைமாறி ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காகப் பழைய பத்திரம் பயனற்றதாகிவிடாது. மூலப் பத்திரம் என்று அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது குவியல், நகல் எடுத்து மட்டுமே பயன்படுத்த வேண்டியவை. கையால் எழுதிய கடிதங்கள், ஒற்றைப் பிரதியாக உள்ள கல்யாணப் பத்திரிகைகள், புகைப்படங்கள், வரவு செலவு நோட்டின் பக்கங்கள் ஆகியவை இங்கே வரும். நாடக நோட்டீஸ், சங்கத் துண்டறிக்கை, சிறு அச்சகத்தில் அடித்த வாழ்த்துப்பா போன்றவை வேறெங்கும் கிடைக்காமல் போகக்கூடியவை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இத்தகைய தாள்களையும் நூல்களோடு சேர்த்துச் சேகரித்ததால்தான் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இன்று அவற்றைப் பார்க்க முடிகிறது. உங்கள் பெட்டியில் அப்படிப்பட்டது இருந்தால், கட்டரை எடுப்பதற்கு முன் நூலகம் ஒன்றிடம் கேட்டுவிடுவது முறை.

வரலாற்று, இலக்கிய மதிப்புடைய ஆவணமோ கையெழுத்துப் பிரதியோ 75 ஆண்டு பழமையானதாக இருந்தால், 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி அது தொல்பொருளாகவே கருதப்படும். பழைய சாமான் கடைகளில் கட்டாக வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது குவியல்தான் அசலையே வெட்டத் தகுந்தவை: மிஞ்சிப்போன ஒரே மாதிரிப் பத்திரிகைகள், தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், பஸ் டிக்கெட்டுகள், அட்டை போன பஞ்சாங்கத்தின் உதிரிப் பக்கங்கள், எழுதப்படாத போஸ்ட் கார்டுகள், தீப்பெட்டி லேபிள்கள். இக்குவியல் சிறியதாக இருப்பதைக் கண்டு பலர் சோர்ந்துபோகிறார்கள். சோர வேண்டியதில்லை, நல்ல சித்திரம் ஒன்றில் அசல் துண்டுகள் நான்கைந்துக்கு மேல் தேவைப்படுவதில்லை.

நான்காவது குவியல், பயன்படாதவை. கடையில் இயந்திரம் துப்பும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் எழுத்து தோன்றும் வகைத் தாளில் அமைந்தவை. அவற்றின் எழுத்து சில ஆண்டுகளில் மங்கிவிடும், சூடு பட்டால் தாளே கறுத்துவிடும். பூஞ்சணம் பிடித்த தாளும் இதில்தான் சேரும். அதைத் தட்டிச் சுத்தம் செய்ய முயலாதீர்கள். பறக்கும் தூள் மூச்சுக்கும் கேடு, மற்ற தாள்களுக்கும் கேடு.

பிரிக்கும்போதே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடிதத் தாள் உங்களுடையதாக இருக்கலாம், அதில் உள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. இந்தியாவில், ஆசிரியர் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு அது அவர் மறைந்து 60 ஆண்டுவரை நீடிக்கும்; அச்சில் வெளியாகாத கடிதத்துக்கு அதைவிடக் கூடுதலாகவும் நீடிக்கலாம். வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு இது தடையாகாது. விற்கவோ அச்சிடவோ போகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், முகவரியும் கணக்கு எண்ணும் தெரியும் பகுதிகளை மடித்து மறைத்துவிடுங்கள்.

3. பூச்சி, துரு, செலோடேப்

பழைய தாள்களில் இராமபாணப் பூச்சியோ அதன் முட்டையோ இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். வெட்டப்போகும் தாள்களை ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டு இதற்குப் போதாது. வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும், ஏனெனில் உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தாளின் மேல் வியர்வையாகப் படிந்துவிடும். புகைப்படங்களை இப்படி உறையவைக்காதீர்கள்.

குண்டூசி துருவேறி ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காமல், தாளின் பின்புறமிருந்து கத்தி முனையால் மெல்ல நெம்பி விடுவிக்கலாம். துருப்பிடித்த இடத்தை வெட்டி நீக்கிவிடுவதே நல்லது; பசையின் ஈரத்தில் துரு மேலும் பரவும். பழுப்பேறிய செலோடேப்பை உரிக்க முயன்று தாளைக் கிழிக்காதவர் அரிது. அந்தப் பகுதியையும் வெட்டி ஒதுக்கிவிடுங்கள்.

4. மூன்று சிறு சோதனைகள்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்களின் சித்திரங்களில்தான் ஊதாக் கறைகளைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிட வேலைதான்.

முதலாவது நீர்ச் சோதனை. பஞ்சுக் குச்சியை நீரில் நனைத்து, தாளின் ஓரத்திலுள்ள ஓர் எழுத்தின் மேல் வைத்து முப்பது எண்ணுங்கள். பிறகு வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். எந்திர அச்சு மை பெரும்பாலும் கரையாது. ஊற்றுப் பேனா மையும் ரப்பர் ஸ்டாம்ப் மையும் கரையும். பழைய காப்பியிங் பென்சில் எழுத்து, உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறத்தில் ஏமாற்றும். ஈரம் பட்ட மறுகணம் கத்திரிப்பூ ஊதாவாகப் பொங்கிவிடும். கரையும் தாள் எதுவாயினும் இரண்டாம் குவியலுக்கு மாற்றி நகல் எடுங்கள்.

இரண்டாவது மடிப்புச் சோதனை. எழுத்தில்லாத மூலை ஒன்றை முன்னும் பின்னுமாக இரண்டு முறை மடியுங்கள். முறிந்து உதிர்ந்தால் அத்தாள் அமிலத்தால் அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். செய்தித்தாளும் மலிவான பாட்டுப் புத்தகத் தாளும் மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளோடு சேர்த்தே செய்யப்பட்டவை. ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பதற்கும் நொறுங்குவதற்கும் அதுவே காரணம். அருகிலுள்ள நல்ல தாளையும் அவை பழுப்பாக்கும். ஆகவே நொறுங்கும் தாளின் நகலைப் பயன்படுத்துவதே நலம்.

மூன்றாவது இழைத் திசை. தாளின் ஓரத்திலிருந்து சதுரமாக ஒரு துண்டை வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் நனைத்தால் அது குழலாகச் சுருளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீண்டு நிற்கிறதோ அதுவே இழையின் திசை. ஈரம் பட்ட தாள் இழைக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும் என்பதால், பெரிய துண்டுகளை அடித்தள அட்டையின் இழையும் இவற்றின் இழையும் ஒரே திசையில் இருக்குமாறு ஒட்டினால் வளைவு குறையும். விரல் அகலத் துண்டுகளுக்கு இதைப் பார்க்க வேண்டியதில்லை.

கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள்தான் அதன் அழகு. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அக்ரிலிக் மீடியத்துக்கும் சற்றே காரத்தன்மை உண்டு என்பதால் மஞ்சள் மூலை அது பட்டதும் செங்காவியாக மாறக்கூடும். வேறொரு பத்திரிகையின் மூலையில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்தால், மூலையை நகலாக்குங்கள். அல்லது அந்த நிற மாற்றத்தை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள். எனக்கு அந்தச் சிவப்பு பிடிக்கும்.

5. நகல் எடுத்தல்

மேலிருந்து கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும் ஸ்கேனரையே பயன்படுத்துங்கள். தாளை உருளைக்குள் இழுக்கும் இயந்திரம் பழைய தாளைக் கசக்கிவிடும். அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போதும், இரு மடங்காகப் பெரிதாக்க 600 வேண்டும்.

அச்சிடுவது லேசர் பிரிண்டரில்தான் இருக்க வேண்டும். வீடுகளில் உள்ள இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் நீரில் கரையும் மையால் ஆனது. பசை பட்டதும் எழுத்து கலங்கும். லேசர் அச்சில் டோனர் என்ற மைத்தூள் உருகித் தாளோடு பிணைந்திருப்பதால் நீர் அதை அசைப்பதில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 80 முதல் 100 ஜிஎஸ்எம் தாளில், பழுப்பு நிறம் தெரிய வேண்டுமென்றால் வண்ணத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

பழமைத் தோற்றம் வேண்டித் தேநீரிலோ காப்பி டிகாஷனிலோ நகலை முக்குவது பரவலான பழக்கம். நான் அதைச் செய்வதில்லை. இரண்டிலும் அமிலம் உண்டு, இனிப்பின் சுவடு சிறிது கலந்திருந்தாலும் எறும்பும் பூச்சியும் தேடி வரும். நீர்த்த பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தை ஒருமுறை பூசினால் அதே தோற்றம் கிடைக்கும்.

6. அடித்தளமும் உலர் அடுக்கும்

அட்டையின் முகப்பில் ஜெஸ்ஸோ இரண்டு பூச்சும், பின்புறம் ஒரு பூச்சும் கொடுத்துக் காயவிடுங்கள். பின்புறப் பூச்சை வீண் என்று விட்டுவிடுபவர்களின் அட்டை முன்பக்கமாகக் குழிந்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துச் சுருங்கும்போது, மறுபக்கம் அதை எதிர்த்து இழுக்க ஒன்றுமில்லாமல் போவதுதான் காரணம்.

பிறகு பசையே இல்லாமல் துண்டுகளை அடுக்கிப் பாருங்கள். கண் முதலில் சென்று தங்க வேண்டிய துண்டு ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பத்திரிகையின் பிள்ளையார் படம், முத்திரை பதிந்த போஸ்ட் கார்டு, தீப்பெட்டி லேபிளின் மயில் ஆகிய மூன்றும் சம அளவில் கூவினால் எதுவும் காதில் விழாது. பஞ்சாங்கக் கட்டங்களும் கணக்கு நோட்டின் வரிகளும் பின்னணிக்கு ஏற்றவை. சிறிய சீரான எழுத்து தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரே சாம்பல் பரப்பாகத் தெரியும்.

அடுக்கியதைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். வண்ணம் மறைந்ததும் எங்கே இருள் குவிந்திருக்கிறது, எங்கே வெறுமை உள்ளது என்பது தெரிந்துவிடும். வழக்கமான பிழை, கிடைத்த அனைத்தையும் சேர்த்துவிடுவது. அடுக்கியதில் மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

வெட்டிய விளிம்பு கூர்மையாகவும் கிழித்த விளிம்பு மென்மையாகவும் தெரியும். கிழிக்கும் திசையைப் பொறுத்து ஒரு பாதியில் மட்டும் வெள்ளை ஓரம் வெளிப்படும் என்பதால், உதவாத தாளில் இருபுறமும் கிழித்துப் பழகிக்கொள்ளுங்கள். முடிவான அடுக்கின் மேல் ஓஹெச்பி ஷீட்டை விரித்து மார்க்கரால் எல்லைகளை வரைந்து எண்ணிட்டு, அதே எண்ணை ஒவ்வொரு துண்டின் பின்னும் பென்சிலால் எழுதுங்கள். கலைத்த பிறகு அதே இடத்தில் வைக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

7. பசையைத் தேர்ந்தெடுத்தல்

கனமான அட்டைத் துண்டு, வழவழப்பான காலண்டர் படம், லேசர் நகல் ஆகியவற்றுக்கு வெள்ளைப் பிவிஏ பசை (ஃபெவிகால் போன்றது) ஏற்றது. மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு நீர் கலந்தால் பிரஷ்ஷில் சீராக இழுக்க வரும். அதன் குறை, காய்ந்தபின் கழற்ற முடியாது என்பது.

அசல் துண்டுகளுக்கு மைதாப் பசையே என் தேர்வு, ஏனெனில் பின்னாளில் ஈரமாக்கித் தளர்த்தி எடுக்க அது இடம் கொடுக்கும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடி போல் மின்னும்வரை பத்து நிமிடம் காய்ச்சுங்கள். ஆறிய பின் மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டினால் கட்டிகள் நின்றுவிடும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். புளித்த வாடை வந்த பசையை எறிந்துவிட வேண்டும்.

பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்க இப்பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். இந்த வேலைக்கு அது வேண்டாம். அது நச்சு என்பதோடு, செம்பு கலந்த உப்பு நாளடைவில் தாளைச் சிதைக்கவும் செய்யும். மைதா பூச்சியை ஈர்க்கும் என்ற அச்சம் நியாயமானதே; மேல்பூச்சும் மூடிய சட்டமும் அதற்கான காவல்.

8. ஒட்டுதல்

அடியில் வருவதை முதலில் ஒட்டுங்கள். துண்டைச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்து, நடுவிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே செல்லுமாறு பசையை இழுங்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி இழுத்தால் பிரஷ் ஓரத்தைச் சுருட்டி முகப்பிலும் பசையைத் தடவிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் செய்தித்தாளின் புதிய பகுதிக்கு மாறுங்கள்.

பசை தடவியதும் உடனே ஒட்டாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். புதியவர்களிடம் நான் அதிகமுறை சொல்ல நேர்ந்த வாக்கியம் இதுதான். தாளின் இழைகள் நீரைக் குடித்து விரிய அவகாசம் வேண்டும்; விரிவதற்கு முன் ஒட்டிவிட்டால், அட்டையின் மேல் இருந்தபடியே விரிந்து கொப்புளமாகவும் சுருக்கமாகவும் எழும். விரிந்தபின் ஒட்டிய தாள் காயும்போது சுருங்கி முரசுத் தோல் போல இழுத்து நிற்கும்.

ஒரு விளிம்பை மட்டும் குறியில் பொருத்தி, மற்றதை மெல்லப் படுக்கவிடுங்கள். மேலே பட்டர் பேப்பரை வைத்து, தேக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஈரத் தாளை விரலால் நேரடியாகத் தேய்த்தால் அச்சு உரியும். பட்டர் பேப்பரை எடுத்துவிட்டு, ஓரத்தில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அப்போதே ஒற்றிவிட வேண்டும். காய்ந்த பிவிஏ வண்ணத்தை ஏற்காமல் பளபளக்கும்.

மிக மெல்லிய தாளுக்கு முறை வேறு: பசையைத் தாளில் தடவாமல் அட்டையில் தடவி, உலர்ந்த தாளை அதன் மேல் இறக்குங்கள். ஈரமான மெல்லிய தாளைத் தூக்கினாலே கிழிந்துவிடும். தீப்பெட்டி லேபிள் போன்ற சிறியவற்றை இடுக்கியால் பிடித்து வையுங்கள்.

மூன்று நான்கு துண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்தி, புதிய பட்டர் பேப்பரும் அதன்மேல் புத்தகங்களும் வைத்துச் சில மணி நேரம் காயவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் 24 மணி நேரம் பளு தேவை. பளுவின்றி மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மேல்பக்கம் மட்டும் விரைந்து காய்ந்து அட்டை வளையும். கொப்புளம் எஞ்சியிருந்தால் ஊசியால் குத்தி, ஒரு சொட்டுப் பசையைச் செலுத்தி, மறுபடி அழுத்துங்கள்.

9. வண்ணமும் பிற பொருட்களும்

வண்ணம் தீட்டுவதற்கு முன் முழுப் பரப்புக்கும் மேட் மீடியம் ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவிடுங்கள். பழைய தாள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் ஈரம் குடிக்கும். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் ஒரே வண்ணம் ஓரிடத்தில் திட்டாகவும் மற்றோரிடத்தில் வெளிறியும் தெரியும். எண்ணெய் வண்ணம் தீட்ட விரும்புவோருக்கு இப்பூச்சு கட்டாயம், ஏனெனில் எண்ணெய் நேரடியாக இறங்கிய தாள் நாளடைவில் மக்கி உடையும்.

வண்ணத்தை நீர்த்து, எழுத்து அடியில் தெரியுமாறு தீட்டுங்கள். எழுத்தை முழுவதுமாக மறைப்பதென்றால் பழைய தாள் எதற்கு? புடவையின் சரிகைக் கரை, நூல், பொத்தான் ஆகியவற்றை இந்த நிலையில் சேர்க்கலாம். அவற்றை ஒட்டுவதைவிட அட்டையில் துளையிட்டுத் தைப்பது உறுதியானது. துருவேறும் ஊசி, ஆணி போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

10. மேல்பூச்சும் சட்டமும்

மூன்று நாள் காய்ந்தபின் மேட் மீடியத்தை மெல்லிய இரண்டு பூச்சாக, முதலாவதைக் கிடையாகவும் இரண்டாவதை நெடுக்காகவும் கொடுங்கள். ஒரே தடித்த பூச்சு பால் போல வெளுத்து நிற்கும், அதிலும் மழைநாளில் கொடுத்தால் தெளியவே பல நாளாகும்.

ஒரு வாரம் கழித்துச் சட்டத்துக்குக் கொடுங்கள். கண்ணாடி சித்திரத்தைத் தொடாமல் ஐந்து மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் ஈரக் காலத்தில் அக்ரிலிக் பரப்பு கண்ணாடியோடு ஒட்டிவிடும். வெயில் விழும் சுவரும் மழைநீர் ஊறும் வெளிச்சுவரும் ஆகாது. மஞ்சள் மூலை எல்லாவற்றுக்கும் முன்பாக வெளிச்சத்தில் வெளிறிவிடும்.

சட்டமிடுவதற்கு முன் அட்டையின் பின்புறம், எந்தத் துண்டு அசல், எது நகல், யாருடைய பெட்டியிலிருந்து வந்தது, எந்தப் பசையால் ஒட்டியது, எந்தத் தேதியில் முடித்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். நகலெடுத்த அசல் தாள்களை லேமினேட் செய்யாமல், அமிலமற்ற காகித உறையிலிட்டு, உறையின் எண்ணையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.